சுண்டுவிரலுக்கு ஒரு சிபாரிசு

சிம்மக்கல் பக்கம் பேஸ் கிதார் வாங்கும் இளைஞர்கள் முதல் நாளே 'இளைய நிலா'வில் (பயணங்கள் முடிவதில்லை, 1982) இறங்கிவிடுகிறார்கள். பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு வலி. 'நம்ம விரலுக்கு இதெல்லாம் வராதுப்பா' என்று கிதார் பரணுக்குப் போகிறது.

விரல் மேல் தப்பில்லை, சார். அளவைப் பாருங்கள். பேஸில் கம்பியின் நீளம் வழக்கமாக 34 அங்குலம். முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது வரை எட்ட அஞ்சு அங்குலத்துக்கு மேல் கை விரிய வேண்டும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை? மூணேகால்தான். ஆகவே ஆரம்பத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு. ஃப்ரெட்டுக்கு ஒரு விரல், விநாடிக்கு ஒரு தட்டு, நாலு கம்பியிலும். அடுத்த விரல் அழுத்தும்வரை முந்தின விரலை எடுக்கக் கூடாது. மோதிர விரலைத் தூக்கினால் சுண்டுவிரலும் கூடவே கிளம்பும். புறங்கையில் தசைநாண்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. கூட்டுக் குடும்பம்! தனிக்குடித்தனம் பழக்க மாசக்கணக்காகும்.

வலது கையில் ஆள்காட்டியும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டும். இடது கட்டைவிரல் கிதார் கழுத்தின் பின்னால் லேசாகச் சாய்ந்திருந்தால் போதும். டவுன் பஸ் கம்பியைப் பிடிக்கிற பிடி பிடித்தால் மணிக்கட்டு மடங்கும், வலிக்கும்.

பகலெல்லாம் கீபோர்டு தட்டிய கை என்றால் அஞ்சு நிமிஷம் தாராளம். சுரீரென்றாலோ மரத்தாலோ கீழே வைத்துவிடுங்கள். நாலு நாளாகியும் போகாவிட்டால் டாக்டர். பழகப் பழக ஒவ்வொரு ஃப்ரெட்டாக இடப்பக்கம் நகருங்கள்.

ஆம்ப்ளிஃபயர் இப்போதைக்கு வேண்டாம். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும்.