கட்சியை விட்டுத் தனியே நிற்கலாமா?

வேட்பாளர் பட்டியல் வெளியாகும் வாரத்தில் புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், ஜெராம் வட்டாரத்து ஒட்டுக்கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். “இத்தனை வருசமா நமக்காக ஓடி ஓடி உழைச்சவரு. கட்சி சீட்டு கொடுக்கலையா? தூக்கிப் போட்டுட்டுத் தனியா நிக்கச் சொல்லுங்கண்ணே! நாம போட மாட்டோமா?”

கோபத்தில் வரும் சொல் என்றாலும் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தலைவருக்கு வேண்டியவர், பணம் உள்ளவர், எங்கிருந்தோ இறக்கப்பட்டவர் என்று யாருக்கோ தொகுதி போகிறது. களத்தில் நின்றவர் கொடி கட்டியதோடு சரி. அப்படிப்பட்டவர் கட்சியை உதறிவிட்டுச் சுயேச்சையாக நிற்பது சரியா?

அண்மைக் காலமாக இந்த வாதத்துக்குத் துணையாக ஒரு பெயரும் வந்து சேர்கிறது. சிங்கப்பூர் அதிபர் தர்மன் சண்முகரத்னம். மக்கள் செயல் கட்சியில் 20 ஆண்டுகளுக்கு மேல் நாடாளுமன்ற உறுப்பினர், துணைப் பிரதமர், மூத்த அமைச்சர் என்று உயர்ந்தவர், 2023 ஜூலையில் கட்சியை விட்டு விலகினார். அந்த ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி நடந்த அதிபர் தேர்தலில் மூவர் போட்டியில் 70.4 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். ஒரு தமிழர் கட்சி இல்லாமல் நின்று இப்படி வென்றது நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் அதை நம் ஊர்த் தேர்தலுக்கு அளவுகோலாக வைக்க முடியாது. சிங்கப்பூரில் அதிபராக நிற்பவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது சட்டம். தர்மன் கட்சியோடு சண்டை போட்டு வெளியேறவில்லை. அந்தப் பதவி கட்சி சார்பற்றது என்பதால் வெளியேறினார். மேலும், அங்கே நாடு முழுவதும் ஒரே தொகுதி. ஒருவரின் தனிப்பட்ட மதிப்பு நேரடியாக வாக்காக மாறும். நம் நாட்டில் அரசாங்கத்தை அமைப்பது தொகுதிகளின் எண்ணிக்கை. இங்கே தனி மனிதரின் நல்ல பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம்மிடமே தெளிவான பாடம் இருக்கிறது.

கோலாலம்பூரில் ‘பத்து’ என்ற பெயர் கொண்ட நாடாளுமன்றத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஏப்ரல் 28, வேட்பு மனு தாக்கல் நாள். இரண்டு தவணை அங்கே உறுப்பினராக இருந்த பி.கே.ஆர். தலைவர் தியான் சுவாவின் மனு நிராகரிக்கப்பட்டது. நீதிமன்றம் அவருக்கு விதித்திருந்த 2,000 வெள்ளி அபராதம்தான் காரணம். சுயேச்சையாக மனு செய்திருந்தவர்களில் ஒருவர் 22 வயதுச் சட்ட மாணவர் பி.பிரபாகரன். அவருக்கு ஆதரவளிப்பதாகப் பக்காத்தான் ஹராப்பான் அறிவித்தது. தியான் சுவாவும் அவருக்காக வாக்குக் கேட்டார். மே 9-ஆம் தேதி அந்த இளைஞர் 24 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்று, நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினரானார். பிறகு பி.கே.ஆரில் சேர்ந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், காட்சி தலைகீழானது. அதே தொகுதியில் பி.கே.ஆர். சின்னத்தில் நின்றவர் பிரபாகரன். இடம் மறுக்கப்பட்ட தியான் சுவா சுயேச்சையாகக் களமிறங்கினார். தெருப் போராட்டங்களில் கைதானவர், மக்கள் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியவர். முடிவில் வைப்புத்தொகையையே இழந்தார். பிரபாகரன் மீண்டும் பெரிய வித்தியாசத்தில் வென்றார்.

ஒரே தொகுதியில் இரண்டு சுயேச்சைகள். எதிர்பாராமல் வந்தவர் ஜெயித்தார், ஊரே அறிந்தவர் தோற்றார். முன்னவருக்குப் பின்னால் ஒரு கூட்டணியின் முழுப் படையும் நின்றது. பின்னவர் அந்தப் படையை எதிர்த்து நின்றார். பெயரளவில் இருவரும் சுயேச்சை, அவ்வளவுதான்.

சுங்கை சிப்புட்டும் இதையே சொல்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பல்லாண்டு உழைத்த டாக்டர் மைக்கல் ஜெயகுமார், 1974 முதல் அத்தொகுதியை வைத்திருந்த துன் சாமிவேலுவை 2008-இல் தோற்கடித்தார். அப்போது அவர் நின்றது பி.கே.ஆர். சின்னத்தில். 2013-லும் அதே சின்னம், அதே வெற்றி. 2018-இல் தம் சொந்தக் கட்சியான பி.எஸ்.எம். சின்னத்தில் நின்றார். வைப்புத்தொகை போனது. அவருடைய உழைப்பு ஒரு துளியும் குறைந்திருக்கவில்லை, சின்னம்தான் மாறியிருந்தது.

ஏன் இப்படி? நாடாளுமன்றத்துக்கு நிற்க வைப்புத்தொகை 10,000 வெள்ளி, சட்டமன்றத்துக்கு 5,000 வெள்ளி. பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது திரும்பாது. பணத்தையாவது நண்பர்கள் சேர்ந்து திரட்டிவிடலாம். ஆள்பலம்தான் கடினம். ஒவ்வொரு வாக்களிப்பு மையத்திலும் ஒவ்வொரு சாலுரானிலும் உட்கார ஒரு முகவர் வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம், தாமானுக்குத் தாமான் வீடு வீடாக ஏற ஆள் வேண்டும். மலாய்க் கம்பத்திலும் சீனர் கடைத்தெருவிலும் நமக்காகப் பேச ஒருவர் வேண்டும். இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி இந்நாட்டில் ஒன்றுகூட இல்லை. நம் வாக்கு முழுவதும் ஒருவருக்கே விழுந்தாலும், அதை மட்டும் வைத்து அவர் கரையேற முடியாது.

சரி, அப்படியானால் கட்சி என்ன செய்தாலும் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? இல்லை. இதற்கு நம் கோல சிலாங்கூரிலேயே இரண்டு கதைகள் உள்ளன.

முதலாவது, காலஞ்சென்ற டான்ஸ்ரீ காலிட் இப்ராஹிம். கத்ரி நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவர்; அரசியலுக்கு வெளியாள். 2007 ஏப்ரலில் ஈஜோக் இடைத்தேர்தலில் ம.இ.கா. வேட்பாளரிடம் தோற்றார். மறு ஆண்டு அதே ஈஜோக்கில் வென்று சிலாங்கூர் மந்திரி பெசார் ஆனார். 2014-இல் அவரை மாற்றக் கட்சி முடிவு செய்தது, அவர் மறுத்தார். ஆகஸ்டு 9-ஆம் தேதி கட்சி அவரை நீக்கியது. சுயேச்சையாகவே சில வாரம் மந்திரி பெசார் பதவியில் நீடித்தார். ஆனால் 56 பேர் கொண்ட சட்டமன்றத்தில் 30 பேர் வேறொருவரை ஆதரித்தபின் எத்தனை நாள் தாங்கும்? செப்டம்பர் 23-இல் அஸ்மின் அலி பதவியேற்றார். காலிட் நல்ல நிர்வாகி என்று அவரை எதிர்த்தவர்களே சொன்னார்கள். அந்தப் பெயர் அவர் நாற்காலியைக் காக்கவில்லை.

இரண்டாவது, டாக்டர் சுல்கிப்ளி அமாட். 2008-இல் பாஸ் வேட்பாளராகக் கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியை வென்றார். 2013-இல் சில நூறு வாக்குகளில் தோற்றார். 2015-இல் பாஸ் கட்சித் தேர்தலில் அவருடைய அணி தோற்றபின், ஒத்த கருத்துடையவர்களோடு வெளியேறி அமானா கட்சியைக் கட்டினார். 2018-இல் அதே மக்களிடம் புதிய கூட்டணியின் வேட்பாளராக வந்து வென்றார், 2022-லும் வென்றார். அவர் பழைய கட்சியை விட்டபோது கையில் தொகுதி இல்லை. எனவே யாருடைய வாக்கையும் எடுத்துக்கொண்டு போனார் என்று சொல்ல இடமில்லை. தனியாகவும் போகவில்லை. அடுத்த தேர்தலுக்கு மூன்றாண்டு மீதம் இருந்தது. அதற்குள் கிளைகள் அமைக்க முடிந்தது.

முன்பு வென்றபின் தாவுவதுதான் வழக்கம். ‘தவளை’ என்று நாம் கேலி செய்ததெல்லாம் அதைத்தான். 2022 அக்டோபர் 5-இல் நடப்புக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், நாடாளுமன்றத்தில் அதற்குக் கடிவாளம் போட்டது. கட்சி வேட்பாளராக வென்றவர் கட்சியை விட்டு விலகினால் தொகுதி காலியாகும். சுயேச்சையாக வென்றவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தாலும் காலியாகும். பிரபாகரன் 2018-இல் செய்ததை இன்று ஒருவர் செய்தால் இடைத்தேர்தல்தான். கட்சியே ஒருவரை நீக்கினால் மட்டும் தொகுதி அவரிடம் இருக்கும். அந்தச் சட்டத்தோடு இன்னொரு மாற்றமும் வந்தது. முன்பு பதவி விலகிய உறுப்பினர் ஐந்தாண்டு போட்டியிட முடியாது. அந்தத் தடை நீங்கிவிட்டது. கட்சியோடு ஒத்துவராதவர் பதவியைத் துறந்து, மக்களிடமே திரும்பி வந்து, “இனி இப்படி நிற்கிறேன், ஏற்பீர்களா?” என்று கேட்க வழி இருக்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான். கட்சியை விட்டு வெளியேறுவது குற்றமில்லை. மக்கள் கொடுத்த பதவியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதுதான் குற்றம். அதே போல, சீட்டு கிடைக்காத கோபத்தில், மனு தாக்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெளியேறுவது வீரமும் ஆகாது. அதில் அவர் இழப்பது வைப்புத்தொகை. தோட்டப்புற மக்கள் இழப்பது ஐந்தாண்டு. ஏனெனில் சில நூறு வாக்கில் முடிவாகும் தொகுதிகளில், சிதறிப்போன நம் வாக்கு யாரை உள்ளே அனுப்பும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. கோல சிலாங்கூரிலேயே 2022-இல் வெற்றி வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம்தான்.

அடுத்த தேர்தலில் ஒருவர் சுயேச்சையாக நம் வீட்டு வாசலுக்கு வந்தால், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். கட்சியை விட்டது எப்போது, இடம் மறுக்கப்படுவதற்கு முன்பா பின்பா? நம் தோட்டத்துக்கு வெளியே, மற்ற இனத்தார் மத்தியில் உங்களுக்காக வேலை செய்பவர்கள் யார்? வென்றால் எந்த அரசாங்கத்தை ஆதரிப்பீர்கள்?

மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்பவர் தனியாக நின்றாலும் நம் வாக்குக்குத் தகுதியானவரே. பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம், “ஐயா, அடுத்த தேர்தலுக்கு இப்போதே வேலையைத் தொடங்குங்கள்” என்று மரியாதையோடு சொல்லி அனுப்புங்கள்.