வெறும் வயிறு

என் மூக்கின் நடுச்சுவர் இடப்பக்கமாகக் கோணியிருக்கிறது. அதை நேராக்கும் அறுவை சிகிச்சைக்குச் சென்ற கோடை விடுமுறையில் நாள் குறித்தார்கள். "இரவு பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடாதே" என்றார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விடிந்ததும் அம்மா, "கத்தி வைக்கப் போகிற பிள்ளை வெறும் வயிற்றோடு போவதா?" என்று காப்பியை நீட்டினாள். குடித்தேன். அன்றைய சிகிச்சை நின்றது. ஏச்சு முழுவதும் அம்மாவுக்கு. அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று.

அம்மா மேல் குற்றமில்லை என்பேன். மயக்க மருந்து கொடுத்தபின் விழுங்குவதும் இருமுவதும் அடங்கிவிடும். வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பால் கலந்த காப்பி தண்ணீர்க் கணக்கல்ல, உணவுக் கணக்கு. ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் அம்மா அடுப்பையே பற்றவைத்திருக்க மாட்டாள்.

ஆஸ்பிரின் கதையும் இதேதான். அது இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். அந்த வேலை பல நாள் நீடிக்கும். "மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா?" என்றார்கள். "இல்லை" என்றேன். தலைவலிக்குக் கடையில் வாங்கி விழுங்குவதையெல்லாம் யார் கணக்கில் வைக்கிறார்கள்!

கட்டளையோடு காரணத்தையும் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. மருத்துவருக்கு நேரமில்லை என்றால் தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கலாமே, நண்பர்களே!

மறுநாள் குறித்தாயிற்று. இப்போது வாயால் மூச்சுவிட்டு உறங்கப் பழகுகிறேன். சிகிச்சைக்குப் பின் மூக்கை அடைத்து வைப்பதுண்டாம். இதையும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்தான் சொன்னார்.