டைல்ஸுக்குப் பின்னால் உள்ள சுவர்

நம்மில் பலருக்குக் கடை முன்னால், கிட்டங்கி நடுவில், வீடு பின்னால். ஆகவே குளியலறைச் சுவரைப் பற்றி நம் சங்க இதழில் எழுதுவதற்கு யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டுக் குளியலறைக்கும் கிட்டங்கிக்கும் ஒரே சுவர். மூன்று ஆண்டுகளுக்கு முன், பழைய பூச்சின் மேலேயே டைல்ஸ் ஒட்டி ஷவர் வைத்தோம். ஆறே மாதத்தில் சுவரோரம் அடுக்கியிருந்த வெல்லம் கசிந்தது. துவரம் பருப்பில் பூசணம். கூரையில் ஒழுகலோ என்று தேடினோம், அங்கே குற்றமில்லை. வேறொரு கொத்தனார் டைல்ஸைத் தட்டிப் பார்த்து, "உள்ளே பொக்கையா இருக்கு, முதலாளி" என்றார். அந்தச் சரக்கைச் சில்லறைக் கடைக்காரர் தலையில் கட்ட மனம் வரவில்லை. பதினோரு மூட்டை குப்பைக்குப் போயிற்று.

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும். ஆனால் டைல்ஸ் இடைவெளியில் அடைக்கும் சிமெண்ட் தடுக்காது. அதன் வழியே நாள்தோறும் ஈரம் இறங்கும். தடுக்க வேண்டியது பின்னால் உள்ள சுவர்தான். மூட்டை வாங்கும்போது குத்தூசி போட்டு அடிச்சரக்கைப் பார்க்கிற நாம், இங்கே மட்டும் மேல்சரக்கின் பளபளப்பில் மயங்கிவிடுகிறோம்.

இரண்டாம் முறை முறையாகச் செய்தோம். சுண்ணாம்பு, பெயிண்ட், பொக்கைப் பூச்சு எல்லாவற்றையும் செங்கல் தெரியக் கொத்தி எடுத்தோம். சுவரை மூடுமுன் குழாயில் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்தோம். தூக்குக்குண்டு பிடித்துப் புதுப்பூச்சு பூசி, ஒரு வாரம் தண்ணீர் காட்டினோம். பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை: ஒன்று நெடுக்காக, அது காய்ந்தபின் மற்றது குறுக்காக, ஷவருக்கும் மேலே வரை. சுவரும் தரையும் சேரும் மூலையில் வலைத்துணி வைத்துப் பூசினோம். தரையில் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டோம். கிட்டங்கிப் பக்கம் ஈரமில்லை என்று கண்ட பிறகே டைல்ஸ். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீர் குடிக்காதாம், வெறும் சிமெண்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது. அதற்கென உள்ள பசையையே வாங்கினேன்.

முதல் கொத்தனாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பூச்சைக் கொத்தினால் பத்து நாள் கூடும் என்று அவர் சொல்லத்தான் செய்தார். மகள் கல்யாணம் நெருங்குகிறது, ஒட்டி முடியுங்கள் என்று விரட்டியவன் நான்.

இப்போது சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு முழம் விட்டு, மரச்சட்டத்தின் மேல் அடுக்குகிறேன். கிட்டங்கி திறந்ததும் அந்தச் சுவரை ஒருமுறை கையால் தடவிப் பார்க்கிற வழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை.