கெட்டி எண்ணெய் எல்லாக் காருக்கும் ஆகுமா?

வீட்டு வாகனம் – மாதாந்திரப் பகுதி



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கார் எண்ணெய் பற்றித்தான் கேட்கிறார். ஆனால் கடிதத்தைப் படித்து முடித்தபோது, அதில் ஒரு குடும்பத்தின் மனவருத்தமும் கலந்திருப்பது தெரிந்தது.

சகோதரிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் பட்டணம் போய்வர வேண்டும். தோட்டத்திலிருந்து நாலு கட்டை தூரம். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. பினாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கும் மகன், சேர்த்து வைத்த பணத்தில் பழைய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறான். டொயோட்டா பிரியஸ் சி. ஓட்டுபவர் அவருடைய வீட்டுக்காரர். தோட்டத்து லோரியை நாற்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

எண்ணெய் மாற்றும் வேளை வந்தது. "பழைய வண்டிக்குக் கெட்டி எண்ணெய்தான் நல்லது, 20டபிள்யூ-50 ஊற்று" என்றார் அப்பா. "வேண்டாம் அப்பா, புத்தகத்தில் 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கிறது" என்று தொலைபேசியில் சொன்னான் மகன். பட்டணத்துக் கடைக்காரரோ, "ஹைபிரிட் காருக்கென்றே தனி எண்ணெய் இருக்கிறது, 320 வெள்ளி" என்றாராம். "நாற்பது வருஷம் லோரி ஓட்டியவனுக்கு நேற்றுப் பிறந்தவன் பாடம் சொல்கிறான்" என்று அப்பாவுக்குக் கோபம். இரண்டு வாரமாக அப்பாவும் மகனும் பேசவில்லை. "யார் சொல்வது சரி? என்னால் இருவரும் சண்டை போடுவதைப் பார்க்க முடியவில்லை" என்று முடிக்கிறார் சகோதரி.

சகோதரி, முதலில் உங்கள் வீட்டுக்காரருக்காக ஒரு வார்த்தை. அண்ணன் சொன்னது தவறான பாடம் அல்ல. அது வேறு வண்டிக்கு உரிய பாடம். அந்நாளைய லோரி எஞ்சினில் உறுப்புக்கும் உறுப்புக்கும் நடுவே இடைவெளி அதிகம். பாரம் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் முக்கி முனகி ஏறும் வண்டிக்குக் கெட்டியான எண்ணெய் ஊற்றினால்தான் அந்த இடைவெளி நிறையும். அதை அறிந்து பல வருஷம் லோரியைக் காப்பாற்றியவர் அவர். ஆனால் இன்றைய கார் எஞ்சினில் அந்த இடைவெளி மிகச் சிறியது. எண்ணெய் போகும் வழிகளும் மெல்லியவை. வால்வுகளை நேரம் பார்த்துத் திறக்கும் பொறிகூட எண்ணெயின் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. அங்கே கெட்டி எண்ணெய் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

இனி, ஹைபிரிட் கார் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரே வண்டியில் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இருக்கும். மெதுவாகப் போகும்போதும், சாலை விளக்கில் நிற்கும்போதும் எஞ்சின் தானாகவே அணைந்துவிடும். வேகம் கூடினால், அல்லது மின்கலத்தில் சக்தி குறைந்தால், தானாகவே மறுபடி எழும். சாதாரணக் கார் காலையில் ஒரு தடவை பெரட்டுக்குப் போய் மத்தியானம் வரை வேலை செய்யும் ஆள் போன்றது. ஹைபிரிட் எஞ்சினுக்கோ ஒரு நாளில் பத்து இருபது தடவை பெரட்டு மணி அடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் உடனே எழுந்து ஓட வேண்டும்.

எஞ்சின் நிற்கும்போது எண்ணெய் கீழே வடிந்துவிடுகிறது. எழும்போது அது மேலே போய்ச் சேர வேண்டும். சேரும் வரை இரும்போடு இரும்பு உராயும். ஆகவே, அடிக்கடி நின்று நின்று எழும் எஞ்சினுக்குச் சட்டென்று ஓடும் எண்ணெய் வேண்டும். மெல்லிய எண்ணெயைத் தேர்ந்தெடுக்க இது ஒரு காரணம். எஞ்சின் சுழல்வதற்குச் செலவாகும் சக்தி குறைந்து பெட்ரோல் மிச்சமாவது மற்றொரு காரணம்.

போத்தலில் உள்ள எண்ணைப் படிப்பது எப்படி?

0டபிள்யூ-20 என்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் சிறிதாக இருந்தால், குளிரிலும் எண்ணெய் இளகி ஓடும் என்று பொருள். பின்னால் உள்ள எண், எஞ்சின் சூடேறிய பிறகு எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. 100 பாகை சூட்டில் அளந்து இதைக் குறிப்பார்கள். 20, 30, 40, 50 என்று எண் ஏற ஏறத் தடிப்பும் ஏறும்.

"நம் ஊரில் குளிர்காலமே இல்லையே, 0டபிள்யூ எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பனி கொட்டும் நாட்டில் இருப்பவர்களுக்கு அது தரும் நன்மை முழுவதும் நமக்கு இல்லைதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நமக்கு வியர்க்கும் 30 பாகை, எஞ்சினுக்குக் குளிர்தான். அது நிம்மதியாக வேலை செய்வது 90, 100 பாகையில். 40 பாகை சூட்டில் 20டபிள்யூ-50 எண்ணெய், 0டபிள்யூ-20 எண்ணெயைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு தடிப்பு. சாய்த்து வைத்த தட்டில் நல்லெண்ணெயை ஒரு பக்கமும் விளக்கெண்ணெயை ஒரு பக்கமும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். எது முதலில் கீழே வருகிறதோ, அதுதான் காலையில் எஞ்சினுக்கு முதலில் போய்ச் சேரும்.

ஆகவே மகன் சொன்ன எண்தான் சரி. இந்த வகைக் கார்களுக்கு உரிய எண்ணெய் 0டபிள்யூ-20. காரின் கையேட்டைத் திறந்தால் அந்த எண் இருக்கும். சில கார்களின் கையேடு, குறிப்பிட்ட எண்ணெய் கிடைக்காத வேளையில் 5டபிள்யூ-30 போன்ற வேறு சிலவற்றையும் அனுமதிக்கிறது. அப்படி எழுதியிருந்தால் அவசரத்துக்கு ஊற்றலாம். எழுதியிராத எண்ணை ஊற்ற வேண்டாம். ஏற்கெனவே ஒரு தடவை 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டவர்கள் பயந்துபோகவும் வேண்டாம். எஞ்சின் அன்றைக்கே கெட்டுவிடாது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் கூடும். விரைவில் வடித்துவிட்டுச் சரியான எண்ணெயை ஊற்றிவிடுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மெல்லியது நல்லது என்பதற்காக மேலும் மெல்லியதைத் தேடக்கூடாது. புதிய ஹைபிரிட் கார்கள் சில 0டபிள்யூ-16 கேட்கின்றன. அந்தக் காருக்கு அது சரி. 0டபிள்யூ-20 கேட்கும் காருக்கு 0டபிள்யூ-16 ஊற்றினால், சூட்டில் எண்ணெய்ப் படலம் மெலிந்து உறுப்புகள் தேயும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லதென்று சொல்லலாம். அவர் கார் வேறு, உங்கள் கார் வேறு.

'ஹைபிரிட்' என்று அச்சிட்ட போத்தல் வேண்டுமா?

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ, எண்ணெய்களுக்குத் தர எழுத்து கொடுக்கிறது. 2020-இல் வந்த தரம் எஸ்பி. 2025-இல் வந்தது எஸ்க்யூ. ஹைபிரிட் காருக்கென்று தனியாக ஓர் ஏபிஐ தரம் கிடையாது. போத்தலில் 'ஹைபிரிட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது தயாரிப்பாளர் சொல்லும் சொல். அதில் நல்ல எண்ணெயும் இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. கையேடு கேட்கும் எண், கையேடு கேட்கும் தரம் அல்லது அதற்குப் பிறகு வந்த தரம், இந்த இரண்டும் போத்தலில் இருந்தால் போதும். சாதாரணப் போத்தலில் அவை இருந்து விலையும் குறைவாக இருந்தால் அதையே வாங்கலாம். கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு.

மலிவு என்று முன்பின் தெரியாத இடத்தில் வாங்குவதும் ஆபத்து. போலி எண்ணெய்ப் போத்தல்கள் நம் நாட்டில் அமலாக்கச் சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டறையில் உங்கள் கண்முன்னே திறந்து ஊற்றச் சொல்லுங்கள். காலிப் போத்தலையும் ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய எண்ணெய் மீதி இருக்கும். அதைக் காரில் ஊற்றாதீர்கள். காரின் மீதியைக் கப்சாயிலும் ஊற்றாதீர்கள். கியர் மாற்றும் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கி இருக்கிறது. அதற்கு 'ஜாசோ எம்ஏ' என்ற குறி உள்ள எண்ணெய் வேண்டும். மெல்லிய கார் எண்ணெயில் வழுக்கும் மருந்து கலந்திருப்பதால் கிளட்ச் பிடிக்காமல் நழுவும்.

எப்போது மாற்றுவது?

10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மாற்றுவது நம் நாட்டில் வழக்கம். உங்கள் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். சகோதரியின் கார் ஒரு தடவைக்கு நாலு கட்டைதான் ஓடுகிறது. ஆறு மாதத்தில் 10,000 கிலோமீட்டர் வராது. ஆனாலும் ஆறு மாதக் கணக்கை விடக்கூடாது. காரணம் இதுதான்: பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். குறைந்த தூரம் ஓடினால், அதுவும் பாதி வழி மின்மோட்டாரில் ஓடினால், எஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். ஈரமும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் தங்கி அதைக் கெடுக்கும். எண்ணெய் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் போன்ற வெள்ளைப் பசை தெரிவது இதனால்தான்.

வாரத்துக்கு ஒரு தடவை, அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டி வாருங்கள். ஈரம் போய்விடும். அதற்குப் பிறகும் வெள்ளைப் பசை வந்துகொண்டே இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், அது வேறு நோய். தாமதிக்காமல் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எண்ணெய் அளவைப் பார்ப்பது எப்படி?

ஹைபிரிட் காரில் சத்தம் இல்லாததால் அணைந்துவிட்டது என்று நினைத்துவிடக்கூடாது. 'ரெடி' என்ற விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எஞ்சின் எந்த நிமிடமும் தானாக எழும். கை உள்ளே இருந்தால் விபத்துதான். சமதரையில் நிறுத்தி, முழுவதும் அணைத்து, சாவியைக் காருக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருங்கள். பிறகு எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி நுழைத்து எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரண்டு குறிகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கேடு. எஞ்சின் கடைந்து நுரையாக்கிவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகளைத் தொடவே கூடாது. அவற்றில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் ஓடுகிறது.

வீட்டில் எண்ணெய் மாற்றுவோர், வடித்த எண்ணெயைக் கால்வாயிலும் மரத்தடியிலும் கொட்டாதீர்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. பழைய போத்தலில் ஊற்றிப் பட்டறையில் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

சகோதரி, இப்போது உங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம். எண்ணைப் பொறுத்தவரை தம்பி ஜெயித்தான். ஆனால் பழைய காருக்கு எண்ணெய் குறைந்துகொண்டே வரலாம். அதைக் கண்டுபிடிப்பது பினாங்கில் இருக்கும் தம்பி அல்ல. தினமும் வண்டியோடு இருக்கும் அண்ணன்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கம்பியைப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். லோரியில் அவர் காலையில் தவறாமல் செய்த வேலை அது. புதிதாய் ஓட்ட வந்த பிள்ளைகள் பலர் அதைச் செய்வதே இல்லை.

ஒரு நாள் வண்டி நின்றால் உங்கள் சிகிச்சை தவறும். அதற்குப் பயந்துதான் இருவரும் அவரவர் அறிந்த வழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இருவருக்கும் கவலை உங்களைப் பற்றித்தான். இந்தப் பக்கத்தை அண்ணனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் மகனுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எந்தக் கடையில் வாங்கலாம்?" என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

உங்கள் உடல்நலம் தேற வேண்டுகிறேன். மற்ற வாசகர்களும் தங்கள் வண்டியின் பெயர், ஆண்டு, ஓடிய தூரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அடுத்த மாதம் மின்கலத்தைப் பற்றிப் பேசுவோம்.