கரம்பை யார் வீட்டு மண்?

கண்மாயில் கிடக்கும் கரம்பையை விவசாயிகள் கட்டணமில்லாமல் அள்ளிக்கொள்ளலாம் என்பதை 'இலவசம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. அது யார் வீட்டு மண்? மேட்டுப் புஞ்சையில் ஒரு பெருமழை அடித்தால் முதலில் கரைந்து ஓடுவது நைசான களியும் மக்கிய சத்தும்தான். பருமணல் மட்டும் நிலத்தில் தங்கும். ஓடிய சத்து ஓடை வழியே போய்க் கண்மாயில் படிகிறது. நம் மண்ணை நமக்கே திருப்பித் தருவதற்கு இலவசம் என்று பெயரா?

முன்பெல்லாம் கண்மாய் வற்றியதும் மாட்டுவண்டி கட்டிக் கரம்பை அடிப்போம். நிலமும் தேறியது, கண்மாயும் ஆழமானது. இன்று அதற்கு விண்ணப்பம் போட வேண்டும். 2024-இல் அனுமதி கொடுக்கும் அதிகாரம் கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கு வந்தது, நல்ல காரியம்தான். ஏக்கருக்கு நன்செய் என்றால் 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90 கன மீட்டர் என்று அளவும் வைத்தார்கள். 90 கன மீட்டர் என்பது சுமார் 30 டிராக்டர் நடை. பொக்லைனுக்கும் டிராக்டருக்கும் வாடகை கொடுக்க ஒன்றரை ஏக்கர்க்காரரால் ஆகுமா? வசதியுள்ளவர் அள்ளுகிறார், இல்லாதவர் கரையில் நின்று பார்க்கிறார்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. மேட்டு நிலத்தில் மண் அரிப்பைத் தடுக்க வரப்புப் போடுவது வேளாண்மைப் பொறியியல் துறை. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, சிறியது ஊராட்சி ஒன்றியத்துக்கு. கரம்பைக்கு அனுமதி தருவது தாசில்தார். மழைத்தண்ணீருக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. மேலே வரப்பு உடைந்து கிடக்க, கீழே தூர்வாரி என்ன பயன்? ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுபடியும் மண் வந்து சேரும். வாரியதற்கு ஒரு பில், திரும்ப வாருவதற்கு இன்னொரு பில்.

நான் கேட்பது இரண்டுதான். எந்தக் கண்மாயில் கை வைத்தாலும், அதற்குத் தண்ணீர் வரும் நிலம் முழுவதற்கும், உச்சி மேட்டிலிருந்து தொடங்கி, அதே வருடம் சம உயர வரப்புப் போட வேண்டும். சிறு விவசாயிக்குக் கரம்பையை நிலம் வரை கொண்டுவந்து கொட்டும் செலவை அரசு ஏற்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். ஒரே கண்மாயைத் திரும்பத் திரும்பத் தூர்வாரப் பணம் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்துதான்.

போட்ட வரப்பைக் காப்பது நம் பொறுப்பு. அதை உழுது கரைத்துவிட்டு அரசைத் திட்டுவதில் நியாயமில்லை. அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். வயதானவர்கள் கேட்டால் மறுக்கக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.