ஊட்டுதலும் உண்ணுதலும்

உண் என்பது தன்வினை. ஊட்டு என்பது பிறவினை. இலக்கண வகுப்பிலே சிறுவர்க்கு எளிதாக விளங்கிவிடும் இவ்வேறுபாடு, நம் வீடுகளிலே பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. இரண்டாம் வயதை அண்மிய குழந்தை வாயை இறுக மூடிக்கொள்கின்றது. தாய், ஒரு கையிற் கிண்ணமும் மறு கையிற் கைத்தொலைபேசியுமாக அதன் பின்னே திரிகின்றாள். படம் ஓடுகின்றது, வாய் திறக்கின்றது, சோறு உள்ளே செல்கின்றது. குழந்தை உண்டதா? இல்லை, ஊட்டப்பட்டது. தன் பசியையும் உணவின் சுவையையும் வயிற்றின் நிறைவையும் அது அறிந்திலது.

தாய்மாரை ஈண்டு யாம் குறைகூற வந்தோமல்லோம். "பிள்ளை மெலிந்து போச்சுது" என்று உற்றாரும் அயலாரும் உரைக்குஞ் சொல் அவர் நெஞ்சைச் சுடுகின்றது. ஆயின் அவ்வச்சத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. பிறந்தபோதிருந்த நிறை முதலாண்டின் முடிவில் ஏறக்குறைய மும்மடங்காகின்றது. இரண்டாம் ஆண்டிலோ இரண்டு மூன்று கிலோவே கூடும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைதல் இயற்கையன்றோ? புதிய உணவைக் கண்டு பின்வாங்குதலும் அவ்வயதின் இயல்பே. வற்புறுத்தாது பத்து முறையோ அதற்கு மேலோ முன்வைத்த பின்னரே சில உணவுகளைக் குழந்தை ஏற்கும் என்பர் ஆராய்ந்தோர். நாமோ மூன்றாம் நாளே, "இவனுக்குக் கீரை பிடியாது" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றோம்.

பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றின் 188ஆம் செய்யுளை நினைமின். உணவைத் துழாவிச் சிதறி உடம்பெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாதார்க்கு வாழ்நாளாற் பயனில்லை என்பது அவ்வரசனின் துணிபு. பிஞ்சுக் கை கலக்கிய கூழை அமிழ்தினும் இனிதென்றார் வள்ளுவர். இருவரும் பாராட்டியது குழந்தையின் கையையே என்பதை நோக்குக. நிலம் அழுக்காகும், சோறு வீணாகும் என்பார்க்கு இதுவே விடை.

அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றும் இதற்குத் துணையாகின்றது. பால்மறந்த குழந்தைகளின் முன் பலவகை உணவுகளை வைத்து, விரும்பியதை விரும்பிய அளவு உண்ண அவர் விட்டார். குழந்தைகள் நன்கு வளர்ந்தன. ஆயின் தட்டிலே சீனிப் பண்டம் எதுவும் இருந்ததில்லை. சூட்சுமம் உணவுப் பட்டியலிலேயே இருந்தது எனப் பின்னர் அவரே எடுத்துரைத்தார். ஆகவே எதனை, எப்பொழுது வைப்பது என்பது தாயின் பொறுப்பு; எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் பொறுப்பு.

எதனை வைப்பது? இதற்கு நம் அடுக்களையே போதும். யாழ்ப்பாணத்திலே பல் முளைத்த குழந்தைக்குக் கொழுக்கட்டை அவித்து, தேங்காய்ச் சொட்டைப் பற்போலப் பதித்துக் கொண்டாடும் வழக்கம் உண்டு. பல்லைக் கொண்டாடிய நாமே, அதற்கு வேலை கொடாது விசுக்கோத்தைப் பாலிற் கரைத்துப் பருக்குகின்றோம். அவித்து மசித்த பயறும் தேங்காய்ப்பூவும் உள்ளீடாக, குழந்தையின் கைக்கடங்கும் சிறு கொழுக்கட்டை செய்து கொடுத்துப் பாருங்கள். கீரைக்கறியைத் தள்ளும் பிள்ளை, முருங்கையிலை அரிந்து கலந்த குரக்கன் பிட்டைத் தானே அள்ளக்கூடும். முள் நீக்கிய மீனை அவித்த உருளைக்கிழங்கோடு பிசைந்து உருட்டலாம். தோசையை உள்ளங்கை அளவிற் சுட்டு, துருவிய கரட்டை மேலே தூவலாம். இடியப்பத்தைச் சொதியில் நனைத்து, முட்டை மஞ்சட்கருவோடு முன்வைக்கலாம். இதரைப்பழமும் பப்பாசிப்பழமும் பிடிப்பதற்கேற்ற துண்டுகளாகட்டும். பழகிய உணவொன்றும் புதியது ஒன்றுமாகத் தட்டில் இருத்தல் நன்று. மாவைப் பிசையும்போது சிறு உருண்டையொன்றைக் குழந்தையின் கையிலும் கொடுங்கள். தான் உருட்டியதைத் தின்ன அது விரும்பும்.

சில எல்லைகளும் வேண்டும். வேளைக்கு வேளை, வீட்டார் உண்ணும்போது உடனிருத்துக. இடையிடையே விசுக்கோத்தும் இனிப்புப் பானமும் கொடுத்தபின் பசியில்லை என வருந்துதல் தகாது. முழுக் கச்சான், முழுத் திராட்சை முதலியன தொண்டையை அடைக்குமாதலின் சிறு குழந்தைக்கு ஆகா. உண்கின்ற குழந்தையைத் தனியே விட்டகலவுங் கூடாது. குடும்பநல மாது குறிக்கும் நிறைக்கோடு தாழ்ந்தாலோ, விழுங்க இயலாது குழந்தை துன்புற்றாலோ மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது. கோடு ஒழுங்காக ஏறுமாயின், அயலார் சொல்லினும் அக்கோட்டையே நம்புக.

ஊட்டுதல் அன்பின் செயலே. அதனை எவரும் மறுக்கார். எனினும் பிறவினை தன்வினையாய் மாறுதற்குரிய காலம் வந்தபோது, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் கையை நம்புதலும் அன்பேயாம். இன்று இரவே கைத்தொலைபேசியை அப்பால் வைத்து, பிள்ளையையும் பந்தியில் இருத்துங்கள். இரண்டு வாய் உண்டு எழுந்தாலும் அது தானே உண்ட உணவு.