போறணையின் குறிகள்



கேக் செய்து விற்கும் பெண்களின் வீடுகளுக்குச் சென்றால், நான் முதலில் பார்ப்பது மின்போறணையின் குமிழைத்தான். ஒரு பட்டர் கேக் கருகினால் முட்டையும் பட்டரும் மட்டுமல்ல, அன்றைய வருமானமும் போய்விடும்.

மேலும் கீழுமாக இரண்டு கோடுகள் இருந்தால், இரு பக்கமும் சூடாகும். கேக்கிற்கு இதுவே ஏற்றது. 180 பாகை செல்சியசில் முதலில் சூடாக்கி, பின்னர் நடுத்தட்டில் வையுங்கள்.

விசிறிக் குறி சூட்டைச் சுழலச் செய்யும். ஒரே தடவையில் இரண்டு தட்டு பிஸ்கற் சுடலாம். ஆனால் வெப்பத்தை 20 பாகை குறைத்துக்கொள்ளுங்கள்.

மேலே மட்டும் நெளிகோடு இருந்தால் அது கிறில். வெந்த கோழியின் மேற்பகுதி சிவக்கச் சில நிமிடங்கள் போதும். கேக்கிற்கு வேண்டாம்; மேலே கருகும், உள்ளே மாவாகவே இருக்கும்.

குறிகளை அறிந்துகொண்டு ஓடரை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பு வீண்போகாது.